வடசென்னை மழைக்குச் சிறிய காரில் தனி டயர் செட் தேவையா? இரும்பு ரிம்மா, அலாயா?

காசிமேட்டுக் காற்று (தண்டையார்பேட்டை):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2019-இல் வாங்கிய மாருதி ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல் வண்டி இருக்கிறது. வாங்கும்போது நிறுவனம் பொருத்திக் கொடுத்த 165/80 ஆர் 14 அளவு டயர்களும் 14 அங்குல இரும்பு ரிம்களுமே இன்றுவரை அதில் ஓடுகின்றன. வாரநாள்களில் எண்ணூர் விரைவுச் சாலை வழியாகவோ திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியாகவோ மணலிக்குப் பணிக்குச் சென்று வருகிறேன். விடுமுறை நாள்களில் மீஞ்சூரைத் தாண்டிப் பொன்னேரியில் இருக்கும் மாமனார் வீட்டுக்குக் குடும்பத்தோடு செல்வதுண்டு. அந்தச் சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பதையும், அவற்றின் எடையால் தார் பிளந்து கிடக்கும் பள்ளங்கள் மழை பெய்தவுடன் தண்ணீருக்கடியில் மறைந்துவிடுவதையும் இந்தப் பக்கத்து அன்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் டயர்களை மாற்றிவிட எண்ணியிருக்கிறேன். கடையில் விசாரித்தபோது, 16 அங்குல அலாய் (அலுமினியக் கலவை) சக்கரங்களும் 195/50 அளவு டயர்களும் போட்டுக்கொண்டால் அகலம் கூடுவதால் மழையில் பிடிப்பும் கூடும் என்கிறார்கள். நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து அவர்கள் சொல்லும் விலை 60,000 ரூபாயைத் தொடுகிறது. இதற்கிடையே கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வசிக்கும் என் தங்கை, அங்கே குளிர்காலத்துக்கென்று வேறு டயர்களை வேறு ரிம்களில் பூட்டித் தனியாக வைத்திருப்பதாகவும், பருவம் மாறும்போது சக்கரத்தோடு கழற்றி மாற்றிக்கொள்வதாகவும் சொல்லி, சென்னை மழைக்கும் அப்படி ஒரு செட் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கிறாள்.

மழைக்கென்று தனி டயர் என ஒன்று நம் ஊரில் உண்டா, அது தேவையா என்பது என் முதல் ஐயம். 14 அங்குல இரும்பு ரிம்மிலேயே இருந்துவிடலாமா, அலாய்க்கு மாறுவது நல்லதா என்பதையும், முன் டயர்கள் இரண்டுதான் அதிகம் தேய்ந்திருப்பதால் இரண்டை மட்டும் மாற்றினால் போதுமா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

திருவொற்றியூரான்:

தம்பி, வணக்கம். டயர், அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சீராக்குவது) தொழிலில் நெடுங்காலம் இருந்துவிட்டு இப்போது கடையை மகனிடம் ஒப்படைத்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். சற்று நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரிம் பற்றி யோசிப்பதற்கு முன்னால் உங்கள் டயரின் பக்கச்சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 1419 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் வார்த்தெடுத்த டயர். உங்கள் வண்டியில் இருப்பவை அந்த ஆண்டைச் சேர்ந்தவையாகவோ அதற்குச் சற்று முந்தையவையாகவோதான் இருக்கும். பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள்) மீதமிருந்தாலும், இத்தனை ஆண்டுகள் சென்னை வெயிலில் நின்ற ரப்பர் இறுகிப்போயிருக்கும். இறுகிய ரப்பர் காய்ந்த சாலையில் தன் குறையைக் காட்டாமல் ஓடிவிட்டு, ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போதுதான் காட்டும். ஆகவே இரண்டா நான்கா என்ற கேள்வி உங்களுக்கு எழவே தேவையில்லை. நான்கையும் மாற்றுங்கள்.

சட்டப்படி கார் டயரில் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. பக்கச்சுவரின் தோளில் சிறு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற தேய்மானக் குறியோ இருக்கும்; அதற்கு நேராகக் காடிக்குள் (பட்டன்களுக்கு இடையிலான பள்ளத்துக்குள்) பார்த்தால் குறுக்கே ஒரு சிறு மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அது மொட்டை டயர். ஆனால் மழைக்காலத்தைப் பொறுத்தவரை 1.6 என்பது நம்பத்தக்க எல்லையன்று என்பது என் கருத்து. புதிய டயரில் 7 அல்லது 8 மி.மீ. அளவில் இருக்கும் ஆழம் 3 மி.மீ.-க்கு இறங்கிவிட்டாலே, தேங்கிய நீரை வெளியேற்றும் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். எங்களிடம் வருகிறவர்களுக்கு, செப்டம்பர் மாதத்தில் 3 மி.மீ.-க்குக் கீழே இருந்தால் தீபாவளிக்குக் காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள் என்றுதான் சொல்வது வழக்கம்.

இப்போது அந்த 195/50 ஆர் 16 கணக்குக்கு வருவோம். அகலமான டயர் மழையில் அதிகம் பிடிக்கும் என்று உங்களிடம் சொன்னது, தேங்கிய தண்ணீரைப் பொறுத்தவரை தலைகீழான செய்தி. வண்டியின் எடையும் காற்றழுத்தமும் மாறாதவரை, டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ மாறாது. அகல டயரில் அந்தப் பரப்பு குறுக்காக விரிந்தும், ஒடுங்கிய டயரில் நெடுக்காக நீண்டும் அமையும். நெடுக்காக நீண்ட பரப்பில் முன்பகுதி தண்ணீரைக் கிழித்து ஒதுக்கிவிட, பின்பகுதிக்குத் தரையைப் பற்ற இடம் கிடைக்கிறது. 12 செ.மீ. அகலத்தில் தரையைத் தொடும் ஒரு டயர், 3 மி.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் சாலையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போனால் நொடிக்கு 8 லிட்டர் தண்ணீரைத் தன் வழியிலிருந்து அப்புறப்படுத்தியாக வேண்டும், பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். அகலம் கூடினால் அந்த வேலையும் அதே விகிதத்தில் கூடும். அப்புறப்படுத்த முடியாமல் போகும் கணத்தில் டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கும். ஸ்டியரிங் கையில் வெறுமையாகச் சுழல்வதை அப்போது உணர்வீர்கள்.

அடுத்தது பக்கச்சுவர். 165/80 என்றால் 165 மி.மீ.-இல் 80 விழுக்காடு, அதாவது 132 மி.மீ. உயரமுள்ள பக்கச்சுவர். 195/50-இல் அது 97.5 மி.மீ. மட்டுமே. எண்ணூர் விரைவுச் சாலையில் தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும் பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் மோதும்போது, ரிம்முக்கும் சாலைக்கும் இடையே இருக்கும் அந்தச் சுவர்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. அதில் 34 மி.மீ.-க்கும் மேல் இழந்துவிட்டு 16 அங்குல அலாய் ஓட்டுவது, துறைமுக ஜீரோ கேட் பக்கம் தினமும் போய்வருகிறவர் தானே தேடிக்கொள்ளும் செலவு. சுவருக்குள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்தால் டயரின் பக்கத்தில் கொப்புளம்போல் வீங்கும். அதற்கு ஒட்டு வேலை எதுவும் கிடையாது. டயரைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

மொத்த விட்டத்தையும் பாருங்கள். உங்கள் பழைய அளவில் 619.6 மி.மீ.; 195/50 ஆர் 16-இல் 601.4 மி.மீ. வண்டி 9 மி.மீ. தரையை நோக்கி இறங்கிவிடும். முழங்கால் தண்ணீர் தேங்கும் தெருக்களில் வண்டி ஓட்டுகிறவர் காசு கொடுத்து வண்டியைத் தாழ்த்திக்கொள்வதை நான் எப்படிப் பரிந்துரைக்க முடியும்?

பிராண்டு பற்றி யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். எம்.ஆர்.எஃப்., அப்போலோ, சியட், ஜே.கே., பிரிட்ஜ்ஸ்டோன், குட்இயர், யோகோஹாமா எல்லாமே சிறிய கார்களுக்கு டயர் விற்கின்றன. எம்.ஆர்.எஃப். 1946-இல் எங்கள் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய நிறுவனம் என்பதால் இங்கே பலருக்கு அதன்மீது ஊர்ப்பாசம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் பாசத்தைவிட, வாங்கும் டயர் எந்த வாரத்தில் செய்யப்பட்டது என்பதும், நீளவாக்கில் அகலமான காடிகள் அதில் இருக்கின்றனவா என்பதும் மழைக்கு முக்கியம். டயரில் ஒட்டியிருக்கும் நட்சத்திரக் குறியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது உருளும்போது எரிபொருள் எவ்வளவு மிச்சமாகும் என்பதைச் சொல்வதே தவிர, ஈரப் பிடிப்பைப் பற்றியதன்று. நெடுநாள் உழைக்கும் என்று விளம்பரம் செய்யும் டயர்களின் ரப்பர் பொதுவாகச் சற்றுக் கடினமானது. 80,000 கி.மீ. ஓட வேண்டும், மழையிலும் கெட்டியாகப் பிடிக்க வேண்டும் என்று ஒரே டயரிடம் இரண்டையும் எதிர்பார்த்தால் ஏதாவது ஒன்றில் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

பெரம்பூர்ப் பறவை (மாண்ட்ரியல்):

அண்ணா, வணக்கம். பெரம்பூரில் பிறந்து வளர்ந்து இப்போது உங்கள் தங்கை இருக்கும் அதே ஊரில் வசிப்பவள் என்பதால், இந்தப் பக்கத்துச் செய்தியைச் சரியாகச் சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.

இங்கே குளிர்கால டயர் என்பது அவரவர் விருப்பத்தைப் பொறுத்த ஏற்பாடன்று. கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார்களில் அது சட்டப்படி கட்டாயம். மூன்று சிகரங்கள் கொண்ட மலைக்குள் ஒரு பனித்திவலை வரைந்த முத்திரை டயரின் பக்கச்சுவரில் இருக்க வேண்டும். வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது சாதாரண டயரின் ரப்பர் விறைத்து, பனிக்கட்டியின் மேல் பிடிப்பை இழந்துவிடும். குளிர்கால டயரின் கலவை அந்தக் குளிரிலும் நெகிழ்வு மாறாமல் இருக்கும்படி செய்யப்பட்டது; அதன் பட்டன்களில் மெல்லிய கீறல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும், அவற்றின் விளிம்புகள்தான் பனியைக் கவ்விப் பிடிக்கின்றன.

அப்படிப்பட்ட டயரைச் சென்னையில் போட்டால் என்ன ஆகும்? நம் ஊரில் மார்கழி அதிகாலையில்கூட வெப்பநிலை 20 பாகையை ஒட்டித்தான் நிற்கும். நண்பகல் தார்ச் சாலையின் சூட்டைச் சொல்லவே வேண்டாம். அந்தச் சூட்டில் குளிர்கால ரப்பர் குழைந்து, வளைவில் வண்டி தள்ளாடும். பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் நீளும். பட்டனும் விரைவில் தேய்ந்துவிடும். எனவே இந்த ஊர் டயரை அங்கே எடுத்துச் செல்வது பொருந்தாது. சில டயர்களில் எம் + எஸ் என்று மட்டும் அச்சிட்டிருப்பார்கள். சேற்றுக்கும் பனிக்கும் உகந்த பட்டன் அமைப்பு என்று தயாரிப்பாளர் சொல்லிக்கொள்ளும் குறி அது. மழைக்கான சான்றாக அதை எடுத்துக்கொண்டுவிடாதீர்கள்.

ஆனால் தங்கை சொன்னதில் நீங்கள் எடுத்துக்கொள்ளத்தக்க செய்தி ஒன்று இருக்கிறது. அது டயரில் இல்லை, ரிம்மில் இருக்கிறது. இங்கே கோடையில் 16, 17 அங்குல அலாய் போட்டு ஓட்டுகிறவர்களில் பலர், குளிர்காலத்துக்கு ஓர் அங்குலம் சிறிய இரும்பு ரிம்மும் ஒடுங்கிய, உயரமான பக்கச்சுவருள்ள டயரும் வாங்குகிறார்கள். ஆண்டுக்கு இருமுறை ரிம்மிலிருந்து டயரைப் பிரித்துப் பூட்டினால் டயரின் உள்விளிம்பு சேதமடையும் என்பதாலும், கூலி மிச்சமாகும் என்பதாலும் தனி ரிம் வைத்துக்கொள்வது உண்மைதான். ஆயினும் ஏன் இரும்பு, ஏன் சிறியது என்று கேட்டால் மூன்று காரணங்கள் வரும். பனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்பு, அலாயின் மேற்பூச்சை அரித்துவிடும். உறைந்து உருகும் நீரால் சாலையெங்கும் பள்ளம் விழும். ஒடுங்கிய டயர் பனியையும் பனிச்சேற்றையும் கிழித்துக்கொண்டு கீழிருக்கும் தரையைத் தொடும்.

உப்பு, பள்ளம், கிழித்துச் செல்ல வேண்டிய தண்ணீர் ஆகிய மூன்றும் காசிமேட்டுக் கடற்கரை ஓரத்தில் ஆண்டு முழுவதுமோ ஆண்டில் பெரும்பகுதியோ இருக்கின்றன. இங்கே நாலைந்து மாதங்களுக்கு மட்டும் செய்துகொள்ளும் ஏற்பாட்டை உங்கள் வண்டி பிறவியிலேயே பெற்றிருக்கிறது. அதை 60,000 ரூபாய் கொடுத்துக் கழற்றுவானேன்?

தவிர, கழற்றிய நான்கு சக்கரங்களை இங்கே டயர் கடைக்காரர்களே கட்டணம் வாங்கிக்கொண்டு கிடங்கில் வைத்துக்கொள்வார்கள். தண்டையார்பேட்டை வீட்டில் மொட்டைமாடியைத் தவிர அதற்கு வேறு இடம் இருக்கிறதா என்ன? வெயிலில் வைத்தால் அதுவும் கெட்டுவிடும்.

மணலி மைல்கல்:

பெரியவர் திருவொற்றியூரானும் சகோதரியும் எழுதியதில் பெரும்பகுதியோடு எனக்கு உடன்பாடுதான். ஆயினும் இரும்பு ரிம்மை இந்த அளவுக்குத் தூக்கிப் பிடிப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. கடலோரக் காற்றில் இரும்பு ரிம், டயர் வந்து அமரும் உள்விளிம்பிலேயே துருப்பிடிக்கும். துரு பொரிந்து எழும்பிய இடத்தில் ட்யூப்லெஸ் டயர் சரியாக ஒட்டாமல் காற்று மெல்ல மெல்லக் கசியும். பஞ்சர் கடையில் ஆணி தேடிக் கிடைக்காமல் வால்வை மாற்றி அனுப்பிவிடுவார்கள். பத்து நாளில் மறுபடி காற்று இறங்கியிருக்கும். காற்று இறங்கிய டயர் மழையில் எவ்வளவு ஆபத்தானது என்பதை இங்கே யாரும் இன்னும் சொல்லவில்லை.

16 அங்குலம் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் அதே தலைமுறை ஸ்விஃப்டின் உயர்வகையில் மாருதியே 185/65 ஆர் 15 டயரையும் 15 அங்குல அலாயையும் பொருத்தி விற்றது. அதன் விட்டம் 621.5 மி.மீ., அதாவது பழைய அளவோடு 2 மி.மீ. கூட வேறுபடவில்லை; வேகமானி பொய் சொல்லாது, வண்டியும் தாழாது. பக்கச்சுவர் 120 மி.மீ. இருக்கிறது. வளைவில் பக்கச்சுவர் மடங்குவது குறைந்து வண்டி திடமாகத் திரும்பும். கடையிலும் அந்த அளவில் தேர்வுகள் அதிகம். நான் அதைத்தான் ஓட்டுகிறேன், மணலி எம்.எஃப்.எல். உரத் தொழிற்சாலை ரவுண்டானாப் பள்ளங்களை அது தாங்குகிறது.

இன்னொன்று. பணநெருக்கடி இருந்து இரண்டு டயர் மட்டும் வாங்குவதானால் முன்சக்கரத்தில் போடுங்கள். இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரம்தானே.

திருவொற்றியூரான்:

மணலி நண்பர் துருவைப் பற்றிச் சொன்னது முழு உண்மை. நான் எழுதியிருக்க வேண்டிய செய்தி. 15 அங்குல யோசனையும் முறையானது. நிறுவனமே சோதித்து விற்ற அளவுக்கு மாறுவதில் தவறில்லை. ஆனால் கடைசியில் எழுதியதை மட்டும் நான் மறுத்தாக வேண்டும். அது பல பஞ்சர் கடைகளிலும் காலங்காலமாகச் சொல்லப்பட்டு வருவதுதான்.

இரண்டே புதிய டயர் என்றால் அவை பின்சக்கரத்துக்குப் போக வேண்டும். முன்சக்கரம் தண்ணீரில் மிதந்தால் வண்டி திரும்ப மறுத்து நேரே போகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடிப்பு திரும்பிவிடும், ஓட்டுகிறவருக்கும் உடனே தெரிந்துவிடும். தேய்ந்த டயர் பின்னால் இருந்து மிதந்தாலோ, வளைவில் வண்டியின் பின்பாகம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வீசிக்கொண்டு சுற்றும். அதைச் சமாளிப்பது தேர்ந்த ஓட்டுநருக்கே அரிது. முன்சக்கரம் இழுக்கும் வண்டியானாலும் இதுவே விதி. டயர் தயாரிப்பாளர்களின் பரிந்துரையும் இதுதான்.

காற்றழுத்தத்துக்கு வருகிறேன். விமான டயர்களை வைத்து நாசா ஆய்வாளர்கள் 1960-களில் வகுத்த ஒரு சூத்திரம் இருக்கிறது. போதிய ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கிய தளத்தில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் என்பது அதன் சாரம். கார் டயருக்கு அதை அப்படியே அளவுகோலாகக் கொள்ள முடியாது என்றாலும் போக்கைப் புரிந்துகொள்ள உதவும்: காற்றழுத்தம் 32 பிஎஸ்ஐ என்றால் மணிக்கு சுமார் 94 கி.மீ., அதுவே கசிந்து 24 பிஎஸ்ஐ ஆகிவிட்டால் சுமார் 82 கி.மீ. திருவொற்றியூர் நெடுஞ்சாலை நெரிசலில் இந்த வேகம் கனவிலும் வராது. ஆனால் மீஞ்சூர் பக்கம் வெளிவட்டச் சாலையில் ஏறினால் 90-ஐத் தொடுவது எளிது. மழை வலுத்துப் பெய்யும்போது அங்கேதான் இந்தக் கணக்கு உயிரோடு விளையாடும்.

நகருக்குள் வேறொரு தொல்லை. மாதக்கணக்கில் மழையே காணாத சாலையில் லாரிகள் சொட்டிய எண்ணெயும் ரப்பர் தூளும் புழுதியும் படிந்திருக்கும். பருவத்தின் முதல் தூறலில் அவையெல்லாம் குழைந்து வழவழக்கும். டேங்கர் லாரிகள் ஓயாமல் ஓடும் மணலிச் சாலைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே காடியின் ஆழம் பெரிதாக உதவாது. ரப்பர் மென்மையாக இருக்க வேண்டும், கால் பதறாமல் இருக்க வேண்டும். இரண்டு மணிநேரம் நல்ல மழை பெய்து சாலையைக் கழுவிவிட்ட பிறகு நிலைமை மேம்படும்.

காசிமேட்டுக் காற்று:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அண்டைவீட்டுக்காரரிடம் ஆழமானி வாங்கி அளந்து பார்த்தேன். முன் டயர்கள் இரண்டும் 2 மி.மீ.-ஐ ஒட்டியும், பின் டயர்கள் 3.5 மி.மீ. அளவிலும் இருக்கின்றன, நான்கும் 2019-ஆம் ஆண்டின் தயாரிப்புகள்தாம். பட்டன்களுக்கு இடையே மயிரிழை வெடிப்புகளும் தெரிகின்றன. ஆகவே நான்கையும் மாற்றுவது உறுதியாகிவிட்டது. தனி செட் யோசனையைத் தங்கையிடம் சொல்லிக் கைவிட்டுவிட்டேன்.

ரிம்களில் மணலி நண்பர் சொன்ன துரு இருக்கிறது. ஒன்று உள்பக்கம் சற்று நெளிந்தும் இருக்கிறது. புதுப்பேட்டையில் பழைய 15 அங்குல அலாய் செட் மலிவாகக் கிடைக்கும் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். 14 அங்குல இரும்பையே சீர்செய்வதா, அங்கே போய்ப் பார்ப்பதா என்பதில்தான் தயக்கம். மேலும், வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் தேங்கும் தண்ணீருக்குப் புதிய டயர் எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

மணலி மைல்கல்:

சுரங்கப்பாதைத் தண்ணீருக்கு எந்த டயரும் கைகொடுக்காது, நண்பரே. உங்கள் வண்டியின் தரை இடைவெளி 163 மி.மீ. மட்டுமே. தண்ணீர் அதைத் தாண்டி உடலைத் தொட்டவுடன், எடை குறைந்த சிறிய காரைத் தண்ணீர் தூக்கத் தொடங்கும்; டயர் புதிதாக இருந்தாலும் தரையை அழுத்தும் எடை இல்லாதபோது அதனால் என்ன செய்ய முடியும்? 2023 மிக்ஜாம் புயலின்போது மணலி புதுநகர்ப் பக்கம் வண்டிகள் நின்ற கோலத்தைப் பார்த்தவர்கள் யாரும் இதைச் சோதித்துப் பார்க்க மாட்டார்கள். திரும்பிப் போய்விடுங்கள். சிறிய தேக்கத்தைக் கடந்து வந்தால், பின்சக்கர டிரம்முக்குள் புகுந்த ஈரம் காயும்வரை மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்தி விடுங்கள்.

பழைய அலாய் வேண்டாம். இதை 15 அங்குலத்துக்காக வாதாடிய நானே சொல்கிறேன். இரும்பு நெளிந்தால் கண்ணுக்குத் தெரியும். அலாயில் விழுந்த மெல்லிய பிளவைப் பற்றவைத்து மேலே வண்ணம் பூசிவிட்டால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. புதிதாக வாங்கினால் வாங்குங்கள், இல்லாவிட்டால் இரும்போடு இருங்கள்.

திருவொற்றியூரான்:

தம்பியின் தயக்கம் நியாயமானது. ஆனால் இருக்கும் பணத்தைப் பார்த்தால் விடை தெளிவாகவே தெரிகிறது. ஓர் அலாயின் விலையில் இரும்பு ரிம் இரண்டு வாங்கலாம். நெளிந்த ரிம் ஒன்றுக்குப் பதிலாகப் புதிது வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற மூன்றையும் டயர் கழற்றிய அன்றே கம்பித்தூரிகையால் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகு டயரைப் பூட்டச் சொல்லுங்கள். இதற்காக வண்டியை ஒருநாள் கடையில் விட வேண்டியிருக்கும். அவசரப்படுத்தினால் ஈரப் பூச்சின்மேல் டயரை ஏற்றிவிடுவார்கள். ரப்பர் வால்வு நான்கையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், அது சிறு செலவு. வீல் கேப் உள்ள வண்டியானால் மாதம் ஒருமுறை அதைக் கழற்றி, உள்ளே சேரும் மணலையும் உப்பையும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். இரும்பு ரிம்மைத் துரு தின்பது பெரும்பாலும் அந்த மூடிக்குப் பின்னால்தான்.

டயர் அளவு அதே 165/80 ஆர் 14. அதன் பின்னால் 85 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு டயர் 515 கிலோ எடையைத் தாங்கும் என்பது அதன் பொருள், அதற்குக் குறைவானதை ஏற்காதீர்கள். வேகக் குறி எஸ் ஆனாலும் டி ஆனாலும் நம் சாலைகளுக்குப் போதும். நான்கிலும் தயாரிப்பு வாரம் ஆறு மாதத்துக்குள் இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். பழைய இருப்பைத் தள்ளிவிடப் பார்க்கும் கடையானால் அடுத்த கடைக்குப் போங்கள், தண்டையார்பேட்டையிலிருந்து மாதவரம் வரை கடைக்குப் பஞ்சமில்லை.

பின்னொரு நாள் புதிய 15 அங்குல அலாய் வாங்குவதானால் மூன்றைக் கவனியுங்கள். நான்கு துளைகள், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மி.மீ., நடுத்துளை 54.1 மி.மீ. கடையில் கிடைக்கும் அலாய்களில் நடுத்துளை பெரும்பாலும் இதைவிடப் பெரியது. இடைவெளியை நிரப்பும் வளையம் போடாமல் பூட்டினால் 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் அதிரும், எத்தனை முறை பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன்செய்வது) செய்தாலும் போகாது. மாருதிக்கு 12 மி.மீ. தடிமனில் 1.25 மி.மீ. புரியுள்ள நட்டு, வேறு நிறுவனத்து 1.5 புரி நட்டு முதல் சுற்றில் ஏறுவதுபோல் ஏறி, போல்ட்டையே கெடுத்துவிடும்.

பூட்டும் நாளில் அலைன்மென்ட்டும் நான்கு சக்கர பேலன்சிங்கும் செய்துகொள்ளுங்கள். முன் டயர்களின் தேய்மானம் உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ சாய்ந்திருந்ததா என்று பழைய டயரை மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு அதன்பிறகு எறியுங்கள். அலைன்மென்ட் எந்தப் பக்கம் பிசகியிருக்கிறது என்பதை அதுவே சொல்லிவிடும். காற்றழுத்தம் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி, டயர் சூடேறாத காலை வேளையில். நைட்ரஜனா சாதாரணக் காற்றா என்பது பெரிய விவகாரமன்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து பார்ப்பதுதான் வேலை. துப்பாக்கி போன்ற இயந்திரத்தால் நட்டை இறுக்கிவிட்டு அனுப்பினால், வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் திருகி) வைத்து இறுக்கித் தரச் சொல்லுங்கள். பூச்சு அடித்த ரிம்மில் நட்டு அமர்ந்து சற்றே தளரக்கூடும் என்பதால், 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். அது ஓடாமலே கிடந்தாலும் 2019-ஆம் ஆண்டு ரப்பர்தான். கழற்றும் டயர்களும் அதே வயதுடையவை என்பதால் அவற்றில் ஒன்றை அதற்குப் பதிலாக வைப்பதில் பயனில்லை. பஞ்சர் கடை வரை போய்ச் சேர மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், பொன்னேரி வரை ஓட்டாதீர்கள். கடையில் காற்று பிடிக்கும்போது டிக்கியைத் திறந்து அதற்கும் பிடிக்கச் சொல்லுங்கள், கேட்டால்தான் பிடிப்பார்கள்.